எந்தப் பட்டப்படிப்பு கடினமானது?

பிள்ளை ஆறாம் படிவத்தை எட்டிவிட்டால் தோட்டத்து வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்துவிடும். லாபுவானாலும் சிலியாவானாலும் பகாவானாலும் கேள்வி ஒன்றுதான். "டாக்டருக்குப் படிப்பது கஷ்டம், தமிழ் படிப்பது சுலபம்" என்று தீர்ப்பும் உடனே வந்துவிடும். அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரியென்று, நம் நாட்டு உயர்கல்வி வந்த வழியைக் கொண்டே பார்ப்போம்.

நம் வட்டாரத்தில் உயர்கல்வி தொடங்கியதே மருத்துவத்தில்தான். 1905-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது சேர்ந்தவர்கள் 23 பேர். அவர்களில் சிலர் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு வந்தவர்கள். நம் தோட்டத்து டிரஸர் அந்த வழி வந்தவர்தாம். 1910-இல் மருத்துவராகத் தேறி வெளிவந்தவர்கள் எழுவர். அந்தப் பள்ளியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. கோலாலம்பூரில் அது தனிப் பல்கலைக்கழகமாக இயங்கத் தொடங்கியது 1962-இல். அடுத்த ஆண்டே டாக்டர் தனராஜ் தலைமையில் அங்கே மருத்துவ மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள்.

மருத்துவத்தின் கடினம் அளவிலே இருக்கிறது. ஒவ்வொரு பாடமும் தனியே பார்த்தால் விளங்கக்கூடியதுதான். ஆனால் ஐந்தாண்டுக் காலம் மலைபோல் குவிகிறது. பட்டம் வாங்கிய பிறகும் மருத்துவமனையில் பயிற்சிக் காலம் உண்டு. படிப்புக் காலம் நீள்வதால் வீட்டுக்குச் சம்பளம் வரும் நாள் தள்ளிப்போகிறது என்பதையும் பெற்றோர் கணக்கில் வைக்கவேண்டும்.

பொறியியல் வேறு மாதிரி. அங்கே கணிதம் ஏணியைப் போன்றது. நான்காம் படிவத்தில் ஒரு படி உடைந்திருந்தால், பல்கலைக்கழகத்தில் எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் ஏறமுடியாது.

இனி, நமக்கு மிக அருகிலுள்ள ஒரு படிப்பைச் சொல்வோம். செர்டாங்கில் 1931-இல் விவசாயப் பள்ளி திறந்தார்கள். அது 1947-இல் கல்லூரியாயிற்று. 1971-இல் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1997 முதல் அதற்குப் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர். "பால்மரம் தெரியாத பிள்ளையா? விவசாயம் நமக்குச் சுலபம்" என்று நினைப்பது இயல்பு. இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் மரம் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். ஏன் ஓடுகிறது? இரவில் இலைகள் நீரை அதிகம் வெளிவிடுவதில்லை. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் விடியற்காலையில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் குறையும். மங்கில் சேர்ந்த பாலை அமிலம் ஊற்றி உறைய வைக்கிறோமே, அது இரசாயனப் பாடம். பாட்டிக்குக் கை அறிந்ததைப் பேரன் தாவரவியலிலும் இரசாயனத்திலும் எழுதிக் காட்டவேண்டும். நம் அனுபவம் பாதி வழி கொண்டுபோகும். மீதி வழிக்கு விஞ்ஞானம் வேண்டும்.

தமிழ் சுலபமா? மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை 1956-இல் தொடங்கியது. அதிலே தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டியபோது, தொழிலாளர்களும் ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கொடுத்தார்கள். ஒரு வெள்ளி அன்று சிறிய தொகையன்று. பின்னர் தனிநாயகம் அடிகள் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966-இல் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. வீட்டிலே பேசுகிற தமிழை வைத்துக்கொண்டு தொல்காப்பியத்தையும் சங்கச் செய்யுளையும் படித்துவிட முடியாது. கலைப்பிரிவில் வகுப்பு நேரம் குறைவு. நூலகத்தில் உட்காரும் நேரம் அதிகம். யாரும் அதட்டிப் படிக்கச் சொல்வதில்லை. பிள்ளை சும்மா இருப்பதாக நமக்குத் தோன்றும். சில பிள்ளைகள் அப்படியே சும்மாவும் இருந்துவிடுகிறார்கள்!

இவை எல்லாவற்றுக்கும் மேலாக மொழி இருக்கிறது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, அதன்பின் புகுமுக வகுப்பு, பிறகு இடைநிலைப்பள்ளி. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் போதனா மொழியாகி, 1983-இல் பல்கலைக்கழக முதலாண்டை வந்தடைந்தது. வகுப்பிலே மலாய், நூலகத்துப் புத்தகங்களில் பெரும்பகுதி ஆங்கிலம். 2003-இல் கணிதமும் அறிவியலும் பள்ளிகளில் ஆங்கிலத்துக்குப் போயின. பின்னர் அதுவும் கைவிடப்பட்டது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மொழியிலும் தங்கை இன்னொரு மொழியிலும் கணிதம் கற்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு; அண்ணனின் பழைய புத்தகம் தங்கைக்கு உதவாமல் போனதும் உண்டு.

ஆகவே விண்ணப்பப் பாரத்தை நிரப்புமுன் "எந்தப் படிப்பு பெரிது" என்று கேட்பதைவிட, முதலாண்டில் என்ன பாடம், எந்த மொழியில் புத்தகம், எத்தனை ஆண்டு என்று அங்கே படிக்கிற ஒரு பிள்ளையிடம் கேட்டுவரலாம். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வருகிறபோது அந்தப் பிள்ளையே சொல்லும்.