நோட்டுஸ்வரம் முதல் நால்வர் குழு வரை: வடசென்னையில் தொடங்கிய ஒரு தந்தி இசை வரலாறு

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, திருவொற்றியூருக்கு மேற்கே உள்ள மணலி இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது இசைக் கலைஞர்களை ஆதரித்த ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷியான மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இராமசாமி தீட்சிதர் குடும்பம் இங்கு வாழ்ந்தது. மேலைநாட்டு வெகுசன மெட்டுகள் தமிழ்நாட்டு இசைக்குள் வந்த வரலாற்றின் முதல் முக்கியப் பக்கம் இக்குடும்பத்தைச் சேர்ந்தது.

மெட்டு வந்தது, ஒத்திசைவு வரவில்லை

புனித ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்பட்ட பேண்டு இசையைத் தீட்சிதர் சகோதரர்கள் கேட்டனர் என்பது மரபுவழிச் செய்தி. மக்கள் ஆடிப்பாடிய நடன மெட்டுகளும் அணிவகுப்பு மெட்டுகளும் அதில் இருந்தன. அவற்றுக்கு முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். இவையே நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாடலின் மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. அயர்லாந்து நடன மெட்டு ஒன்று 'வந்தே மீனாக்ஷி' ஆனது. 1904இல் வெளியான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இவற்றில் 30க்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்தது.

நோட்டுஸ்வரங்கள் சங்கராபரணத்தில் அமைந்தவை. மேலை இசையின் மேஜர் ஸ்கேலுக்கு நேரான இராகம் அதுவே. ஆனால் மெட்டு மட்டுமே இங்கு தங்கியது. பேண்டில் அந்த மெட்டுக்குக் கீழே ஒலித்த துணைச் சுரங்கள், அதாவது ஹார்மனி, தங்கவில்லை.

வயலினுக்கும் இதுவே நேர்ந்தது. முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்கு ஏற்றதாக்கினார். தோளில் இருந்த கருவி தரைக்கு வந்தது. தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும் முறை பின்னர் நிலைபெற்றது. தந்திகள் ச‑ப‑ச‑ப என்று சுருதி சேர்க்கப்பட்டன. வயலின் பாடகரின் குரலைத் தொடரும் பக்கவாத்தியமாயிற்று. பல வயலின்கள் வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் வாசிக்கும் முறைக்கு அங்கு தேவை எழவில்லை.

பாட்டும் நால்வர் குழுவும்

ஐரோப்பாவில் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழுவை 18ஆம் நூற்றாண்டில் ஹைடன் செழுமைப்படுத்தினார். 1965இல் ஜார்ஜ் மார்ட்டின் பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே' பாடலுக்கு இக்குழுவைப் பயன்படுத்தினார். அப்பாடலில் டிரம்ஸ் இல்லை. பாப் பாடல்களை நால்வர் குழுவுக்கு எழுதும் வழக்கம் பிறகு பெருகியது.

அவ்வாறு எழுதும்போது முதல் வயலின் பெரும்பாலும் பாடகரின் இடத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் வயலினும் வயோலாவும் நடுச் சுரங்களை நிரப்பும். செல்லோ அடிச்சுரத்தைத் தாங்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் இல்லாதபோது, வில்லின் குறு வீச்சாலும் விரலால் தந்தியைச் சுண்டுவதாலும் இந்நால்வரே தாளத்தையும் காட்ட வேண்டும். தாளக் கருவிகள் 'இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி' என்று எழுதுவது இதனால்தான் கடினம்.

தாளம் விருப்பமா, கட்டாயமா?

வடசென்னையின் சொந்தப் பாட்டு வடிவமான கானாவில் நிலைமை நேர்மாறானது. டோலக், தபேலா, அவை கிடைக்காவிட்டால் மேசையோ தகர டப்பாவோ போதும். தாளம் இல்லாமல் கானா இல்லை. அங்கே தந்திக் கருவிகள்தாம் விருப்பத்துக்குரியவை. 1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் திரையில் பரவலாக்கினார்.

இந்த இரு முறைகளும் சந்தித்த இடம் கோடம்பாக்கம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்ற இளையராஜா, 1976 முதல் வயலின், வயோலா, செல்லோ வரிசைகளைத் தபேலாவுடனும் டோலக்குடனும் இணைத்தார். மணலியில் விடுபட்ட ஹார்மனி, திரைப்பாடல் வழியாகத் தெருவோரத் தேநீர்க் கடை வானொலிக்கு வந்தது. அவரது 'ஹவ் டு நேம் இட்?' (1986) தொகுப்பு தியாகராஜரையும் பாஹையும் அருகருகே வைத்தது. அதில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன்.

பின்னர் கீபோர்டும் கணினியும் தந்தி வரிசையின் ஒலியைத் தரத் தொடங்கியதும், ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் கலைஞர்களுக்கான வேலை குறைந்தது. அக்காலத்தில் நரசிம்மன் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் குழுவை நடத்தி, கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு கருவிகளுக்கு எழுதினார். இதில் ஒரு சிக்கல் உண்டு. இராகத்தின் சுரம் கமகத்தில் அசைகிறது. ஹார்மனியின் சுரம் அசையாமல் நிற்க வேண்டும். இராகத்துக்குப் புறம்பான ஒரு சுரம் துணையாக வந்தாலும் கீர்த்தனையின் முகம் மாறிவிடும்.

தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுக்கு இந்தியச் சொல் கொடுத்தார். நரசிம்மன் இந்திய மெட்டுக்கு ஐரோப்பிய ஒத்திசைவு கொடுத்தார். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் உள்ளன. இரு முயற்சிகளிலும் எதை ஏற்பது என்பதைவிட எதை விடுவது என்பதே பெரிய முடிவாக இருந்தது.