இயல்பு எது, பிறழ்வு எது?

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று ஒரு பழமொழி நம்மிடையே உண்டு. ஆனால் காமாலை கண்டவருக்குப் பொதுவாக உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை. அவருடைய கண்தான் மற்றவர்களுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. அவரைக் கேட்காமலே நாம் முடிவுகட்டிவிட்டோம். ஒருவரை 'இயல்பானவர்' என்றும் மற்றொருவரை 'மனம் பிறழ்ந்தவர்' என்றும் பிரிக்கும்போதும் பெரும்பாலும் இதையே செய்கிறோம்.

முதலில் கேளுங்கள் என்று சொல்லும் மெய்யியல் ஒன்று உண்டு. தமிழில் தோற்றப்பாட்டியல் என்பர். குருமடங்களில் பினாமினாலஜி என்றே சொல்லிப் பழக்கம். இதைத் தொடங்கி வைத்தவர் எட்மண்ட் ஹுசர்ல் (1859-1938). பொருள் ஒருவருடைய அனுபவத்தில் எப்படித் தோன்றுகிறது என்பதை முதலில் உற்று நோக்குவதே இதன் வழி. வியப்பு என்னவென்றால், அவரும் மஞ்சள் நிறத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். அக்காலத்தில் குடற்புழுவுக்குக் கொடுத்த சாண்டோனின் என்னும் மருந்தை உட்கொண்டவருக்கு உண்மையாகவே எல்லாம் மஞ்சளாகத் தெரியும். ஆயினும் உலகமே நிறம் மாறிவிட்டது என்று அவர் எண்ணுவதில்லை. நேற்றுக் கண்டதோடு இன்று காண்பது பொருந்தவில்லை, அருகில் இருப்பவர் காண்பதோடும் பொருந்தவில்லை என்று அவரே உணர்கிறார். இப்படி நம் அனுபவங்கள் ஒன்றோடொன்றும், பிறருடைய அனுபவத்தோடும் இசைந்து செல்வதைத்தான் ஹுசர்ல் இயல்பு என்றார். தலைகளை எண்ணிப் பெரும்பான்மை காண்பது அவருடைய நோக்கமன்று.

ஒவ்வொரு சமூகத்திற்கும் பழகிப்போன ஓர் 'இல்ல உலகம்' உண்டு என்றும் அவர் சொன்னார். கோட்டுச்சேரியில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். வயலில் உழைப்பவருக்குப் படகில் ஏறினால் தலை சுற்றும். கடலோடிக்கு அது நடுவீடு போல. நீரின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பார்த்து அவர் அறிவதை வயற்காட்டு மனிதர் அறியார். இதனால் இருவரில் எவரும் பிறழ்ந்தவர் ஆகிவிடவில்லை.

அந்த இல்ல உலகம் ஒரே நாளில் உடைந்துபோவதையும் இக்கடற்கரை கண்டது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலை. ஆழிப்பேரலை உயிர்களையும் வீடுகளையும் படகுகளையும் கொண்டுபோனது. கடல் கடலின் இடத்தில் நிற்கும் என்னும், நினைத்துப் பார்க்கவே தேவைப்படாத உறுதியும் அன்றே போயிற்று. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மத்திய அரசு விடுத்த எச்சரிக்கையால் தமிழகக் கடலோர மக்கள் மீண்டும் ஊரைவிட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே நிலம் நடுங்கியபோதும் கடலோர ஊர்கள் கலங்கின. அந்த நாள்களில் அஞ்சியவர் இயல்பானவர். அஞ்சாதவரே விந்தையாகத் தெரிந்தார்.

பலருக்கு நாளடைவில் அந்த இசைவு திரும்பி வந்தது, கடலுக்குப் போனார்கள். பேரதிர்ச்சிக்கு ஆளானவர் எல்லாருக்கும் அப்படித் திரும்புவதில்லை. "இன்னுமா பயம்? அலை வராது, வா" என்று வீட்டார் அழைப்பது ஏன் பலிப்பதில்லை? அலை வரும் என்று அவர் கணக்குப் போடவில்லை. கடல் இரைச்சல் கேட்டதும் அந்தக் காலை அவருக்கு இப்போதே நடக்கிறது. காலமே அவருக்கு வேறு விதமாக ஓடுகிறது. மருத்துவம் இதற்கு ஒரு நோய்ப்பெயர் வைத்திருக்கிறது, அது தேவையும்கூட. ஆனால் பெயரைத் தெரிந்துகொண்டதும் மனிதரைத் தெரிந்துகொண்டதாக நினைத்துவிடக் கூடாது.

மனநல மருத்துவத்தில் இதை வற்புறுத்தியவர் கார்ல் யாஸ்பர்ஸ். 1913இல், முப்பது வயதில், 'பொது மனநோயியல்' என்னும் பெருநூலை வெளியிட்டார். நோயின் காரணத்தை விளக்குவது ஒன்று, நோயாளியின் உள்ளத்தைப் புரிந்துகொள்வது வேறொன்று என்றார். புரிதலுக்கு எட்டாத அனுபவங்களும் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டதை நாம் மதிக்கிறோம். 1971இல் வோல்ஃப்காங் பிளாங்கன்பர்க் என்னும் ஜெர்மன் மருத்துவர், மனச்சிதைவு நோயுற்ற ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். யாரும் சொல்லித்தராமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கும் ஏதோ ஒரு சிறு விஷயம் தன்னிடம் இல்லை என்பதே அந்தப் பெண்ணின் வேதனை. எங்கே எப்படிப் பேசுவது, எதை எப்போது உடுத்துவது என நாம் யோசியாமல் செய்வதை எல்லாம் ஒவ்வொரு முறையும் யோசித்து யோசித்துச் செய்து களைத்துப்போனவர் அவர். இப்படிப்பட்டவரை 'லூசு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம்!

ஹுசர்லின் மாணவியும் உதவியாளருமான எடித் ஸ்டெயின் 1916இல் முனைவர் பட்டத்துக்கு எடுத்த பொருள், பிறர் உள்ளத்தை உணர்தல். பிறருடைய துயரம் நமக்குத் தெரியவருகிறது, ஆனால் அது நம் துயரமாகிவிடுவதில்லை, அவருடையதாகவே நிற்கிறது என்பது அவர் கண்டது. ஆகையால் "எனக்கு எல்லாம் புரிகிறது" என்று முந்திக்கொள்பவர் இன்னும் கேட்கத் தொடங்கவே இல்லை. யூதராகப் பிறந்து கார்மேல் துறவியான இவர் 1942இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். 1998இல் இவரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் இந்த மெய்யியலைக் கற்றவர்தாம்.

மாறுபாடு எல்லாம் நோயல்ல. காரைக்கால் அம்மையார் அழகிய உடலை உதறிப் பேய் வடிவம் பெற்றபோது கண்டவர்கள் அஞ்சி ஓடினர் என்கிறது பெரிய புராணம். இன்று அவருக்கு ஊரே மாங்கனித் திருவிழா எடுக்கிறது. இயேசு மதிமயங்கி இருக்கிறார் என்று எண்ணி அவரைப் பிடித்துச் செல்ல உறவினர் வந்ததை மாற்கு நற்செய்தி மறைக்கவில்லை. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, நோயெல்லாம் அருள் என்றோ பேயின் வேலை என்றோ கொள்வது கொடுமையில் முடியும். வேண்டுதலுக்குத் திருத்தலம் செல்வோம். மாத்திரையை நிறுத்திவிட்டுச் செல்ல வேண்டாம்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். தர்காவில் குணமாகும் என்று உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள். இதை வேறு சமயத்தார் கதை என்று நாம் ஒதுக்க முடியாது. அதன் பின் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு: தனக்கு மனநோய் வந்தால் எவ்விதச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேசலாம் என்று வயதுவந்த எவரும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மருத்துவரும் வீட்டாரும் பொதுவாக அதைப் பின்பற்ற வேண்டும்.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனஸ் என்னும் அரசுச் சேவையின் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். நோயுற்றவரே அழைக்கலாம், வீட்டாரும் அழைக்கலாம்.