இரண்டு தண்டவாளமா, மூன்றா?

மாடல் ரயில்களின் சரித்திரத்தை எழுதுவோர் எஞ்சின்களின் அழகையும் அவற்றைச் செய்த ஸ்தாபனங்களின் ஏற்றத்தாழ்வையும் விஸ்தாரமாக வர்ணிப்பது வழக்கம்; எனினும், அந்தக் கலையின் முன்னேற்றத்தில் பெரும்பகுதி, வண்டி தடம் புரள்வதையும் ‘ஷார்ட்’ ஆகி நிற்பதையும் தடுக்க முனைந்தவர்களின் பொறுமையிலிருந்தே பிறந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

1891-இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் மெர்க்லின் ஸ்தாபனத்தார் சாவி கொடுத்து ஓட்டும் ரயிலைக் காட்சிக்கு வைத்து, தண்டவாள அகலங்களுக்கும் எண்ணிட்டு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார்கள். பிறகு மின்சாரம் வந்தது. 1906-இல் அமெரிக்காவின் லயனல் ஸ்தாபனம் மேற்கொண்ட ஏற்பாட்டின்படி, நடுவில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் பதித்து, மின்சாரத்தை அதன் வழியே எஞ்சினுக்கு அனுப்பி, ஓரத் தண்டவாளங்களின் வழியே திரும்பச் செய்தார்கள். ஓரங்கள் இரண்டும் ஒரே துருவமாதலால் சக்கரங்களையும் அச்சையும் முழுக்க உலோகத்தாலேயே செய்யலாம். வளைந்து சென்று தன் பாதையிலேயே திரும்பிச் சேரும் தடத்திலும் யாதொரு சிக்கலும் எழாது.

ஆனால் மெய்யான ரயில் பாதையில் பொதுவாக நடுவே மூன்றாவது தண்டவாளம் கிடையாதே! 1935-இல் மில்வாக்கி நகரில் கூடி நேஷனல் மாடல் ரெயில்ரோட் அசோசியேஷனை நிறுவிய அமெரிக்க அன்பர்களின் காலத்திலும் அதை அடுத்தும், இரண்டு தண்டவாளங்களை இரு துருவங்களாக்கும் முறை வலுப்பெற்றது. அப்போதுதான் சாதாரணப் பெட்டியும் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. ஒவ்வோர் அச்சிலும் ஒரு சக்கரத்தை மின்சாரம் பாயாதபடி மறைத்தாக வேண்டும். அச்சுகளைத் தாங்கிப் பெட்டியின் அடியில் சுழலும் சட்டமான போகி உலோகமானால், அதில் மறைக்கப்பட்ட சக்கரங்கள் யாவும் ஒரே பக்கம் அமைய வேண்டும். ஓர் அச்சைத் தலைமாற்றிப் பொருத்திவிட்டால், போகியின் சட்டமே இரு துருவங்களையும் இணைத்துவிடும். ரயில் முழுவதும் நின்றுபோகும். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தடத்திலிருந்து எடுத்து, எதை எடுத்தபோது மின்சாரம் மீண்டதோ அதன் அச்சுகளைப் பரிசோதிப்பதே அன்றும் இன்றும் நம்பகமான உபாயம்.

தடம் புரள்வதோ இன்னும் நுட்பமான விஷயம். 1-க்கு 87 என்ற விகிதத்தில் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர்தான்; இவ்வளவு சிறிய அளவில், பாதை பிரியும் இடத்தில், சக்கரங்கள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் காவல் தண்டவாளத்தின் மேல் ஏறும்; அகன்றிருந்தால் விளிம்பு தண்டவாளங்கள் கூடும் முனையில் இடிக்கும். அவ்வாறு விலகிய உலோகச் சக்கரம் எதிர்த்துருவத்தைத் தொட்டால் ஷார்ட்டும் உடனே சேர்ந்துகொள்ளும். ஆதலால் இரண்டு கோளாறுகளும் பெரும்பாலும் ஒரே மூலத்தைக் கொண்டவை. முன்சொன்ன அமெரிக்க அசோசியேஷனைச் சேர்ந்தவர்கள் வெட்டுகள் கொண்ட சிறிய உலோகத் தகடு ஒன்றை அளவுகோலாக்கி, சக்கரத்தையும் பாதையையும் ஒரே கருவியால் சரிபார்க்க வழி செய்ததை, நான் அவர்களுடைய தலைசிறந்த சேவையாகவே கருதுகிறேன். ஆர்.பி. 25 என்னும் அவர்களது சக்கர வடிவம், விளிம்புக்கும் உருளும் பரப்புக்கும் இடையே மெல்லிய வளைவை வைத்து, சக்கரம் தானாகவே நடுவுக்குத் திரும்பச் செய்தது. பெட்டிக்கு ஓர் அவுன்ஸும், அதன் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸும் எடை வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்கள். அதன்படி ஆறங்குலப் பெட்டிக்கு நான்கு அவுன்ஸ். ஒரு போகியின் திருகைச் சுழலமட்டும் இடம் விட்டு இறுக்கி, மற்றதைச் சற்றே ஆடவிட்டால், சமனற்ற பாதையிலும் சக்கரங்கள் நான்கு மூலைகளிலும் படியும் என்பது கைப்பழக்கத்தில் விளைந்த ஞானம்.

இங்கிலாந்தில் 1938-இல் மூன்று தண்டவாளங்களோடு பிறந்த ஹார்ன்பி டப்ளோ, 1959-இல்தான் இரண்டுக்கு மாறியது. போட்டியாளர்கள் அதற்கு முன்பே அந்த வழியைப் பிடித்துவிட்டிருந்தார்கள். 1964-இல் அதன் தாய் ஸ்தாபனமான மெக்கானோ, டிரையாங் ரயில்களைச் செய்த லைன்ஸ் சகோதரர்களின் கைக்குப் போயிற்று. மெர்க்லினோ பழைய தத்துவத்தைக் கைவிடாமல், நடுத் தண்டவாளத்தை மாத்திரம் 1950-களில் கட்டைகளின் நடுவே புலப்படும் சிறு உலோகக் குமிழ்களாக மாற்றியது. அந்தக் குமிழ்களின் மேல் ஓடும் பெட்டிகளின் சக்கரங்கள் இன்றும் மறைப்பின்றியே வருகின்றன. அவற்றை இரண்டு தண்டவாளப் பாதையில் வைக்க விரும்புவோர் முதலில் அச்சுகளை மாற்றிக்கொள்ளவேண்டும், இல்லாவிடில் வைத்த மாத்திரத்தில் மின்சாரம் அறுந்துபோகும்.