கீழிறங்கும் காற்று

இடிமழைக்குச் சற்று முன்னர்க் குளிர்காற்று சீறி வருவது, ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தார்க்குப் புதிதன்று. முகிலினின்று இறங்கித் தரையில் மோதிப் பரவும் காற்றே அது. படகைத் தடுமாறச் செய்யும் இக்காற்று, தாழப் பறக்கும் சிறு விமானத்துக்குக் கூற்றாகும். முதலில் எதிர்காற்றாய் உயர்த்தும்; அடுத்து மேலிருந்து அழுத்தும்; இறுதியில் பின்காற்றாகி, இறக்கையைத் தாங்கும் விசையைப் பறிக்கும்.

அறிவியல் இதனை ஏற்கத் தாமதமாயிற்று. 1945இல் அணுகுண்டுக்கு இரையான நாகசாகியை ஆராய்ந்தவர் டெட்சுயா ஃபுஜிதா. அங்கு மரங்கள் ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன. 1974இல் அமெரிக்கச் சூறாவளிச் சேதத்தைச் சிறு விமானத்திலிருந்து நோக்கியபோதும் அதே கோலத்தைக் கண்டார்.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்க முயன்ற ஈஸ்டர்ன் 66 விமானம் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கீழிறங்கு காற்றே காரணம் என்றார் ஃபுஜிதா. வானிலையாளர் பலர் ஐயுற்றனர். 1978இல் சிகாகோ அருகே டாப்ளர் ராடார்கள் அக்காற்றைப் பதிவுசெய்தன. ஆயினும் எச்சரிக்கைக் கருவிகள் பரவலாகுமுன், 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாசில் 137 உயிர்கள் பறிபோயின.

புயலை நோக்கவென 2002இல் சென்னைத் துறைமுகத்தருகே நிறுவப்பட்ட டாப்ளர் ராடாரின் எல்லைக்குள் பழவேற்காட்டு வானமும் அடங்கும். சாய்ந்த மரங்களைப் படித்தறிந்த ஒருவரின் பிடிவாதத்தை நாம் இங்கே நினைத்தல் தகும்.