பனிச்சரிவை விதி என்று சொல்லலாமா?

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட தம்மம்பட்டிப் பக்கம் பனிச்சரிவு என்றால் செய்தித்தாளில் படிக்கும் சங்கதிதான். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் புதையுண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேரில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள் என்று தெரிந்தபோது துக்கம் இங்கும் வந்தது. இயற்கையின் சீற்றம், விதி என்று பேசினோம். எல்லைக்காவலில் நிற்பவர் தம் இடத்தைத் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. அவர் விஷயத்தில் அப்படிச் சொல்லலாம். விளையாட்டுக்காகப் பனியில் சறுக்கப் போகிறவருக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

சுவிட்சர்லாந்தின் தாவோஸ் மலையில் 1936 முதலே பனியை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தியாவில் 1969இல் மணாலியில் ராணுவத் தேவைக்கென ஓர் ஆய்வு நிறுவனம் வந்தது. இந்த ஆய்வுகள் சொல்வது தெளிவானது: 30 முதல் 45 பாகைச் சாய்வு, பழைய பலவீனமான அடுக்கின்மேல் விழுந்த புதுப்பனி, காற்று கொண்டுவந்து குவித்த பாரம். இவை சேர்ந்த இடத்தில் ஒரு மனிதனின் எடையே போதும். சறுக்குவோரைப் பலிகொள்ளும் சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தொடங்கிவைப்பவர் சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான். காஷ்மீரின் குல்மார்க்கில் 2005இல் ரோப்கார் அபர்வத் மலையின் மேல்வரை நீண்டது. அதற்குமுன் மூச்சிரைக்க ஏறியவர் மட்டுமே கண்ட சரிவுகள் சீட்டு வாங்கியவருக்கெல்லாம் திறந்தன. 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே போலந்துக்காரர் இருவர் மாண்டனர்.

எந்தச் சரிவு எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாதே என்று கேட்கலாம். உண்மை; எச்சரிக்கை அறிக்கை ஒரு வட்டாரத்தின் அபாய அளவைத்தான் 1 முதல் 5 வரை சொல்லும். அதனால்தான் மீதிப் பொறுப்பு போகிறவர் தலையில் விழுகிறது. புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. அடிவாரத்து மீட்புக்குழு அதற்குள் வராது. கூட வந்தவரிடம் இருக்கும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும்தான் காப்பாற்றும். கருவி இருந்தால் துணிச்சல் கூடிவிடும் என்ற மறுப்பிலும் நியாயம் உண்டு. சரிவில் மரத்திலோ பாறையிலோ மோதிச் சாகிறவரை எந்தக் கருவியும் மீட்காது. ஆகவே திரும்பிவரத் தெரிவதே முதல் பாதுகாப்பு.

குல்மார்க்குக்கும் அவுலிக்கும் போகும் தம்பி தங்கைகளே, அன்றைய அபாய அளவு என்ன என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வகுத்த பாதையை விட்டு இறங்காதீர்கள்.