தொப்பி போட்ட ஜெய்சங்கர்

தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட விம்கோ நகரில், எழுபதுகளின் பையன்கள் எம்.ஜி.ஆர். கட்சி, இல்லையென்றால் சிவாஜி கட்சி. நான் ஜெய்சங்கர் கட்சி. தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் குதிரையேறி வந்தால் சும்மாவா?

அவரை அப்படி ஏற்றியவர் ஒளிப்பதிவாளர் கர்ணன். ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) என்று வரிசையாக இயக்கினார். கௌபாய் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி. படத்தின் பெயரோ ஜக்கம்மா! எந்த ஊர், எந்தக் காலம் என்று யாரும் கேட்கவில்லை. காசு குறைவு என்பது திரையிலேயே தெரியும். ஆனால் குதிரை பாயும்போது கேமராவும் கூடவே பாயும். அங்கே கர்ணனை யாரும் குறை சொல்ல முடியாது.

இந்த ஒட்டுவேலை நம் கண்டுபிடிப்பும் அல்ல. 1964-இல் இத்தாலியரான செர்ஜியோ லியோனி, குரோசாவாவின் ஜப்பானியக் கதையை எடுத்து, ஸ்பெயின் பொட்டலை அமெரிக்க எல்லையாக்கி, சொற்பச் செலவில் படமெடுத்தார். உலகம் அவரைக் கொண்டாடியது; கர்ணனுக்குக் கிடைத்தது தரை டிக்கெட் விசில்தான்.

2010-இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்து, கதை நடக்கும் ஊருக்கே ஜெய்சங்கர் பெயரை வைத்தார். கேலிதான், ஆனாலும் தாமதமாக வந்த மரியாதை.