செடிக்கு நிழல், நடப்பவருக்கு வெயில்

பதுளை நகரில் நண்பகலில் நடப்பவர்களைச் சற்று நின்று கவனித்தால் ஒன்று புலப்படும். எவரும் நேராக நடப்பதில்லை. மரநிழல் விழும் ஓரத்தை நாடி வீதியைக் கடந்து, நிழல் முடிந்ததும் மறுபடி கடப்பார்கள். நகரை விட்டுத் தோட்டப்பக்கம் ஏறினால் பச்சைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பச்சை வழிப்போக்கரை எண்ணி உண்டாக்கப்பட்டதன்று.

ஊவாவின் மலைக்காடுகள் கோப்பிக்காகச் சாய்க்கப்பட்டன. 1869இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில்தான் இலங்கையின் கோப்பித் துருநோய் முதலில் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மடிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை இயல்பில் ஒரு மரம். கொழுந்து கிள்ள வசதியாக அதைக் கவ்வாத்து செய்து இடுப்பளவில் நிறுத்துகிறார்கள். இடையிடையே நிற்கும் சவுக்கு மரங்கள் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. அவை செடிக்கு நிழல், காற்றுக்குத் தடுப்பு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருகிறது. கொழுந்து சுமந்த பெண்கள் நடந்ததும் அந்தக் காற்றில்தான்.

தோட்டத்து றோட்டு, மாட்டுவண்டியும் பின்னர் லொறியும் ஏறுவதற்கேற்ப மலையைச் சுற்றிச் சுற்றிச் செல்வது. லயத்து மக்களுக்கு அது வீண் தூரம். தேயிலைக்கூடாகச் செங்குத்தாக இறங்கும் ஒற்றையடிப் பாதையே அவர்களது வழி. அதைக் 'குறுக்கு' என்பார்கள். பாடசாலைப் பிள்ளையும் கடைக்குப் போகிறவரும் நோயாளியைத் தூக்கிச் செல்வோரும் அதிலேதான். மழையில் வழுக்கும், அட்டைக்கும் பஞ்சமில்லை.

1924இல் ரயில் பதுளையை எட்டியபோது மலையகத்தாருக்கு இன்னொரு நடைபாதை கிடைத்தது. எவரும் அப்படித் திட்டமிடவில்லை. நாற்பத்து நான்கு அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறாத தண்டவாளம், குறுக்கில் ஏறிப் பழகிய கால்களுக்குச் சமதரை போன்றது! சட்டம் தடுத்தும் சனம் நடந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தில் இப்போது வெளிநாட்டார் நடந்து படம் எடுக்கிறார்கள்.

கண்டியிலிருந்து ஊவா வழியாக நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பீக்கோ டிரெயில்' என்ற நடைவழி 2023இல் திறக்கப்பட்டது. பழைய தோட்டத்து றோட்டுகளை இணைத்தே அதை அமைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான், நடப்பவர் வழி தவறாதிருக்க அடையாளங்களும் உண்டு. அந்த றோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும் குறுக்குகள் சிலவற்றில் நானும் இறங்கிப் பார்த்தேன். ஒரு படிக்கல்லும் இல்லை.